கடைசியிலிருந்து கேட்ட நாவல்

புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது நாய்தான். உன் கல்லூரி இணையக் கணக்கில் இருந்த விடைத்தாளின் இரண்டாவது பத்தியில், "தொடக்கத்தில் எழுந்து நடக்கக்கூட முடியாமல் கிடந்த கிழட்டு நாய், கதை முடியும்போது துள்ளும் குட்டியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தமிழ் மேடம் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். வேறு எங்கும் கேள்விக்குறி இல்லை. அந்த ஒன்றைப் போட்டதோடு அவருக்கே அலுத்துவிட்டது போல.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால் வீக்கத்தைத் தள்ளிவிட்டால் சுகம்தான். ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலையோடு இப்போது துண்டு மடிக்கிற வேலையையும் அம்மா தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த நம் வீட்டுத் துண்டையும் ஹோட்டல் மடிப்பாக மடித்துவிடுகிறாள். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொள்கிறாள். மாடி வீட்டு நர்ஸ் அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவன் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. நீ வைத்த 'உருளை' என்ற பெயரைத்தான் இப்போது பெற்றவளே சொல்லிக் கூப்பிடுகிறாள். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. செய்தி இவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதிப்பெண் வந்ததும் நீ அனுப்பிய மெசேஜை நான் அழிக்கவில்லை. "போதும்டி. நாள் பூரா நின்னுக்கிட்டே கேட்டு, கண்ணு சொருகச் சொருக எழுதினேன். படிக்கவே இல்லைன்னுட்டாங்க. நான் விட்டுடறேன். நீயும் இனிமேலாவது நேரத்துக்குத் தூங்கு." அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவில்லை. நான் அனுப்பிய எதையும் திறந்து பார்க்கவும் இல்லை. அம்மா விடுதி வார்டனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா. வேலைக்குப் போறா, வர்றா, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறா" என்றாராம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். காய்கறி வண்டி அண்ணன் வெள்ளிக்கிழமை உங்கள் கேன்டீனுக்குச் சரக்கு இறக்க வருவார் இல்லையா, அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா, நீ படிக்காமல் எழுதவில்லை. அந்த நாவலை நீ கடைசியிலிருந்து கேட்டிருக்கிறாய்.

பொறுமையாகக் கேள். இத்தனை வாரமும் பாடத்துக்கு ஒரு சிறுகதை வரும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று கவிதை வரும். நான் ஒரே மூச்சில் வாசித்து ஒரே பதிவாக உன் போனுக்கு அனுப்புவேன். நீ பேக்கிங் பெல்ட்டுக்கு முன்னால் நின்று மாத்திரை அட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்பாய். "ஒரு காதுல மாட்டிக்கோ, இன்னொரு காது எனக்கு வேணும்" என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாயே, அந்த ஒரு காதால். ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் உட்கார்ந்து விடையைத் தட்டிக் கல்லூரிக்கு அனுப்புவாய். இந்த வாரம்தான் முதல் தடவையாக ஒரு முழு நாவல். ஒரே பதிவாக வாசிக்க என் தொண்டைக்கும் தெம்பில்லை, உருளையும் விடமாட்டான். அதனால் அத்தியாயத்துக்கு ஒன்றாக அனுப்பினேன்.

உன் பழைய போன் மிஷினுக்குள் விழுந்து நசுங்கிய பிறகு அறைத்தோழியிடம் ஒன்றை வாங்கினாய். "இது நல்லா இருக்குடி. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடுது, கையுறையைக் கழட்டவே வேண்டாம்" என்றாய். தானாக ஓடியது சரிதான். ஆனால் நான் கடைசியாக அனுப்பியதில் தொடங்கி முதலில் அனுப்பியதை நோக்கி ஓடியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. 'தொட்டில்', 'ஏணி', 'சாவி' என்று வீட்டுச் சாமான்களின் பெயர்தான். நானும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். எது முன்னால், எது பின்னால் என்று உனக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை உருளை கண்ணசந்த நேரத்தில் உன் விடையைக் கீழ்ப்பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பார்த்தேன். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது போல அத்தனையும் சரியாக இருந்தது.

நீ ஏன் சந்தேகப்படவில்லை என்று யோசித்தேன். அதற்கும் காரணம் கிடைத்தது. போன வாரச் சிறுகதை முன்னும் பின்னும் தாவித் தாவிப் போனது. "கதை குழப்பமாக இருக்கிறது" என்று எழுதினாய். மேடம் பத்துக்கு மூன்று போட்டு, "இது குழப்பமல்ல, உத்தி" என்று எழுதினார். சூடு கண்ட பூனை. இந்தத் தடவை நாய் குட்டியானாலும் சரி, கிழவி குமரியானாலும் சரி, எல்லாம் உத்திதான் என்று நீ வாயை மூடிக்கொண்டாய்.

அந்த நாவலை நேராகப் படித்தால் என்ன தெரியுமா? ரயில்பாதை ஓரத்து வீட்டில் கைக்குழந்தைகளும் மாமனும் அத்தையுமாக நிறைய ஜனம். ஒரு பிள்ளை பையில் போட்டு நாய்க்குட்டி கொண்டுவருகிறான். பிறகு ஒவ்வொருவராகப் போகிறார்கள். வேலைக்கு ஒருவன், கல்யாணமாகி ஒருத்தி, செத்து ஒருவர். கடைசியில் அந்த வீட்டுக்காரி தனியாக நின்று, வீட்டைப் பூட்டி, வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நடக்கமாட்டாத நாயைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, சாவி அத்தியாயத்தை வாசித்தபோது அழுகையை இருமலாக்கி மூன்று தடவை நிறுத்தினேன். உனக்கு அந்த இருமல் கேட்டிருக்கும்.

நீ கேட்ட நாவலில் பூட்டிய வீடு திறந்துகொள்கிறது. செத்தவர் எழுந்து வருகிறார். போன பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டியோடு படியேறி வருகிறார்கள். கடைசி வரியாக நீ எழுதியதை நான் பலமுறை படித்துவிட்டேன். "இது மகிழ்ச்சியான நாவல். இதில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து ஒரே வீட்டில் இருக்கிறார்கள்." அதற்குக் கீழே மேடம் எழுதியிருக்கிறார்: "இந்த நாவலில் யாரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் படிக்கவில்லை."

விடுதியில் சுவரைப் பார்த்துப் படுக்கிறாய் என்று வார்டன் சொன்னாரே. அப்போது நீ இந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

சைபரைப் பார்த்ததும் நீ மூடிவைத்திருப்பாய். கீழே இன்னொரு குறிப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீடியோவில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் இந்தப் பாடத்தில் தொடர முடியாதாம். இரண்டு வருஷமாக நீ இழுத்துக்கொண்டு வருகிற படிப்பு. இந்த ஒரு பாடம் விழுந்தால் அடுத்த வருஷத்துக்குப் போக விடமாட்டார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உருளை எழுந்துவிட்டான். பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

அக்கா, இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதே.

மேடம் வியாழக்கிழமையும் சாயங்காலம் கொஞ்ச நேரம் வீடியோவில் சந்தேகம் கேட்பவர்களுக்காக உட்கார்ந்திருப்பார் இல்லையா? உன் கணக்கிலிருந்து அதற்குள் நுழைந்தேன். கேமராவைத் திறக்கவில்லை. வேறு யாருமே வரவில்லை. மேடம் தனியாக உட்கார்ந்து கழுத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பாடத்தில் பார்க்கும்போது பின்னால் புத்தக அலமாரி இருக்கும். இன்று கொடியில் துணி காய்ந்தது. "வாங்க. பேரு தெரியுது, முகத்தைக் காணோம். பேசுங்க" என்றார்.

எனக்கு வாய் எழவில்லை. மைக்கைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுப்பிப் பாட்டு ஒப்பிக்கச் சொன்ன அன்று எப்படி நின்றேனோ அப்படியே ஆகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு நான் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. எழுதி வைத்ததை வாசிக்கச் சொன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கிறேன். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் எல்லாம் போய்விடுகிறது. ஊமைக்கோட்டான் என்று நீ சும்மாவா பெயர் வைத்தாய்.

"நேரமாகுதுங்க. எனக்கும் அடுப்புல பால் இருக்கு" என்றார் மேடம். அதற்குமேல் தாங்காமல் பக்கத்துப் பெட்டியில் தட்டத் தொடங்கினேன். நான் அக்கா இல்லை, தங்கை என்று தட்டினேன். போன், பதிவுகள், எண் இல்லாத அத்தியாயங்கள், நாய், எல்லாவற்றையும் தட்டினேன். அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். பாதியில் சிரிக்க ஆரம்பித்து, சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த வாரம் வந்த பேப்பர்ல பாதிக்கு மேல ஏ.ஐ. மெஷின் எழுதினதும்மா. அப்படியே ஒட்டி அனுப்பிடறாங்க. மெஷின்தான் படிக்காமலே இவ்வளவு தைரியமா எழுதும். நாய் வயசு குறையுதுன்னு பார்த்ததும் உங்க அக்காவையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துட்டேன். நானும் தினம் படிச்சுப் படிச்சு மரத்துப்போயிட்டேன்" என்றார். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, சுவரிடம் சொன்னது போலவும் இருந்தது.

"நம்புகிறீர்களா?" என்று தட்டினேன். "நான் நம்பறேன். நான் நம்பினா பத்தாது. அவங்களே வந்து, முகத்தைக் காட்டி, வாயால சொல்லணும். நாளைக்கு ஆறு மணி. அதுக்கப்புறம் மார்க்கை மேல அனுப்பிடுவேன், என் கையில ஒண்ணும் இல்லை" என்றார். அதோடு, "அந்தப் பதிலை அழிக்க வேண்டாம்னு சொல்லு. பின்னாலேருந்து கேட்டப்ப அவங்களுக்கு என்ன தெரிஞ்சுதோ அதையே வந்து பேசட்டும். நான் கேட்கணும்" என்றார். பிறகு புத்தகத்தின் வரிசைப்படி இன்னொன்று எழுதிக் கொடுத்தால் முழு மதிப்பெண் கிடைக்காது, பாதி கிடைக்கும் என்றும் சொன்னார். பாதி போதும்தானே அக்கா?

கடைசியில், "நாவல் முழுசையும் நீயா வாசிச்சே? எங்கம்மா படிக்கறே நீ?" என்று கேட்டார். வீட்டில் இருக்கிறேன் என்று தட்டிவிட்டு உடனே வெளியே வந்துவிட்டேன். அது மரியாதை இல்லைதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவ படிப்பு, அவ விடறா. பாவம், அவளும் எத்தனை நாளைக்குத்தான் நிப்பா? இதுல உனக்கு எங்கடி வலிக்குது? தட்டைப் பாரு, வெச்சது வெச்சபடி இருக்கு" என்றாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினேன்.

அடுத்த வாரத்துக்கு நாடகம் போட்டிருக்கிறார்கள். நான் படிக்கவில்லை, சும்மா திறந்துதான் பார்த்தேன். ஒரு தையல் கடையில் இரண்டு பெண்கள் ஒரே சட்டைக்காகச் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் வெவ்வேறு குரல் வைத்தால்தான் உனக்குப் புரியும். மூத்தவளுக்குக் கொஞ்சம் கட்டைக் குரல் வைத்துப் பார்த்தேன். உருளை பயந்து அழுதுவிட்டான். இளையவளின் குரலில் பேசிச் சமாதானப்படுத்தினேன். மூன்றாவது காட்சியில் சட்டை யாருக்குமே பொருந்தாமல் போய்விடுகிறது. நீ தொடரவில்லை என்றால் இதெல்லாம் தேவைப்படாது. சும்மா உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை

அக்கா, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மடியில் வைத்து எழுதுகிறேன்.

காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு சந்தை முனைக்குப் போனேன். காய்கறி வண்டி அண்ணன் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நீட்டினேன். "கேன்டீன்காரர்கிட்ட குடுத்துடறேன். உங்க அக்கா சாப்பிட வந்தா குடுப்பாரு. ஆனா ரெண்டு நாளா அந்தப் பொண்ணு சாப்பிடவே வர்றதில்லையாமே, நேத்து போன்ல சொன்னாரு" என்றார். நீ சாப்பிடப் போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆறு மணி கண்முன்னால் நின்றது. "நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் முட்டைக்கோஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் இருந்த தன் மனைவியைப் பார்த்து, "அடியே, இது பேசுது" என்றார். அந்த அண்ணி, "ஏன், உங்களை மாதிரி பேசிக்கிட்டே இருக்கணுமா? நீ ஏறும்மா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். இன்று நர்ஸ் அக்காவுக்கு விடுமுறை, அதனால் பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. அவளிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டு, டேப்லெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து ஏறினேன். அம்மா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "அவளைத் திட்டாதே" என்று மட்டும் சொன்னாள். நான் யாரைத் திட்டியிருக்கிறேன்?

வழியில் இன்னும் நான்கு இடத்தில் சரக்கு இறக்கினார்கள். நானும் கூடை பிடித்தேன். வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. நீ இத்தனை தூரம் என்று சொன்னதே இல்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் "இதோ, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தா வந்துடும்" என்பாய். இந்தப் பாதையில் நீ எப்படித் தூங்கினாய்? எலும்பெல்லாம் கழன்றுவிட்டது.

இப்போது உங்கள் யூனிட் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் இருக்கிறேன். ஆளை உள்ளே விடமாட்டார்களாம், உள்ளே போன் போட்டுக் கூப்பிடவும் மாட்டார்களாம், கடிதம் போகலாமாம். காவலுக்கு இருப்பவரிடம் ஒருதரம் நீட்டிப் பார்த்தேன். "நீட்டினா போதுமா? உள்ள எண்ணூறு பேர் இருக்காங்க. யாரு, யாருக்கு, எதுக்குன்னு வாயைத் தொறந்து சொல்லு, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். உங்கள் ஆட்கள் வெளியே போகும் வாசலைப் பார்த்துவிட்டேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் டீக்கடையில் சிக்னல் வருகிறது, சார்ஜும் இருக்கிறது. உன் ஷிஃப்ட் முடிந்து நீ முகம் கழுவிக்கொள்ளக்கூட நேரம் இருக்கும்.

அக்கா, நீ விடுவதென்றால் விடு. நின்று நின்று உன் கால் என்ன ஆகிறதென்று அம்மாவின் காலைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. உன்னைப் பிடித்து இழுக்க நான் வரவில்லை. ஆனால் படிக்காமலே எழுதினவள் என்ற பெயரோடு விடாதே. ஆறு மணிக்கு ஒரு தடவை உட்கார். நீ கேட்ட நாவலைச் சொல். நான் அதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், நீ கேட்ட முறையில். வீட்டுக்காரி கடைசியில் அத்தனை பேருக்கும் நடுவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இனி என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அதை யாரும் மேடத்துக்கு எழுதியிருக்க மாட்டார்கள். நீ பேசு. நான் பக்கத்தில் இருக்கிறேன். அத்தியாயத்தின் பெயர் மறந்துபோனால் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த மட்டும் எனக்கு வாய் வரும்.

முதலில் ஏதாவது சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: மடித்ததை, கையில் கொடுப்பதற்கு முன் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். காவலுக்கு இருப்பவரிடம் போய் நின்றேன். "மூணாவது பெல்ட்டுல நிக்கற அக்காவுக்கு. நான் அவங்க தங்கச்சி. அவசரம்" என்று சொன்னேன். சத்தமாக வரவில்லை போல, காதைச் சாய்த்தார். இன்னொரு தடவை சொன்னேன்.